வாலில் ஒரு 'லா'

தமிழில் 'புரிந்தது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். யாருக்கு என்று கேட்டால் 'எனக்கு'. அந்த எனக்கு ஆணா பெண்ணா என்பது அந்த வாக்கியத்தின் கவலை இல்லை. 'புரிந்தது' என்ற அஃறிணை வினை தன்பாட்டுக்கு நிற்கிறது. நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன்.

ரஷ்ய மொழியிலும் அப்படி ஓரமாக நின்று சொல்ல ஒரு வழி உண்டு. ஆனால் ஆசிரியர் பாடத்தை விளக்கிவிட்டு நிமிரும்போது வகுப்பு வழக்கமாகச் சொல்வது அதை அல்ல. ஆண் என்றால் 'யா போன்யல்'. பெண் என்றால் 'யா பன்யலா'. யா என்றால் நான். பெண் சொல்லும்போது வாலில் ஓர் 'ஆ' சேர்கிறது. அது சேர்ந்ததும் அழுத்தம் முன்னாலிருந்து கடைசிக்கு ஓடிவிடுகிறது. அழுத்தம் போனதும் 'போ' சுருங்கி 'ப' ஆகிவிடுகிறது. புரிந்துகொண்டதைச் சொல்வதற்குள் நான் பெண் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, அதற்கேற்ப வாயின் முழு அசைவையும் மாற்ற வேண்டும். ரஷ்யப் பெண்கள் இதை நாளைக்கு நூறு தடவை செய்கிறார்கள், செய்வது தெரியாமல்.

சென்னையில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போகிற பெண்கள். தர்மபுரி, ராமநாதபுரம், திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன் சில மாதங்கள்தான் கிடைக்கும். எழுத்து, எண்கள், கடைப் பேச்சு, வேற்றுமை உருபுகள் எல்லாம் ஓரளவு ஓடும். இறந்தகாலம் வரும் நாளில் வகுப்பில் ஒரு மாதிரியான சிரிப்பு கிளம்பும். "மேம், 'நான்'னு சொன்னாக்கூடவா பொண்ணுன்னு சொல்லணும்?"

ஆமாம், இறந்தகாலத்தில் மட்டும். நிகழ்காலத்தில் 'படிக்கிறேன்' என்பது இருவருக்கும் 'சிதாயூ'தான். நீங்கள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். 'படித்தேன்' என்று வந்தால் அவன் 'சிதால்', அவள் 'சிதாலா'. இன்னொரு வேடிக்கை, இந்த இறந்தகால வினை நானா, நீயா, அவளா என்பதைக் காட்டாது. நான் படித்தேன், நீ படித்தாய், அவள் படித்தாள் மூன்றுக்கும் ஒரே 'சிதாலா'. நம் வினைக்கு நேர்த் தலைகீழ். தமிழ் வினைமுற்று இடத்தை விடாமல் காட்டும். தன்மையிலும் முன்னிலையிலும் பாலைக் காட்டாது. ரஷ்ய இறந்தகாலம் பாலை விடாமல் காட்டும்; இடத்தைக் காட்டாது.

இதற்குக் காரணம் பழைய கதை. இன்று இறந்தகால வினையாக நிற்பது ஒரு காலத்தில் வினைமுற்றே அல்ல. நம் வினையாலணையும் பெயருக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒன்று. 'வந்தவள்' என்பது போல. அதனுடன் 'இருக்கிறேன்' என்பது போன்ற துணைவினை ஒன்று சேர்ந்து வந்தது, இடத்தைக் காட்டியது. நாளடைவில் துணைவினை உதிர்ந்தது, 'வந்தவள்' மட்டும் மிஞ்சியது. பெயர்போல இருந்ததால் பால் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு ரஷ்யப் பெண் 'யா ப்ரிஷ்லா' என்னும்போது, எலும்புக்குள் பார்த்தால், அவள் சொல்வது 'நான் வந்தவள்'. இதை இப்படிச் சொன்ன அன்று என் மாணவிகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நாமும் 'நான் படித்தவள்', 'நான் அடிபட்டவள்' என்கிறோமே. எப்போதாவது, அழுத்திச் சொல்ல வேண்டும்போது. அவர்கள் பால் வாங்கப் போனதைச் சொல்லும்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மொழிப் பயிற்சிக்காக ஒரு வருடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தேன். ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்து சாவி கொடுக்கும் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், உங்களைப் பற்றிப் பேசும்போது 'லா' சேர்க்க எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று. மூச்சுவிட எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "பிறந்ததிலிருந்தே பெண்தானே நான்?" என்றார். பிறகு, "யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

யாரும் சொல்லிக்கொடுக்காதது எப்படி வந்தது, சொல்லிக்கொடுத்தும் ஏன் வருவதில்லை? இந்தக் கேள்வியின் பின்னால்தான் நான் சில காலம் அலைந்தேன்.

மொழியியலாளர்கள் இதைப் பால் வழியாக அல்ல, வேறொரு வாசல் வழியாக அணுகியிருக்கிறார்கள். ரஷ்ய வினைகளில் கற்பவருக்குப் பெரிய தலைவலி வினை வகைகள். 'சிதாத்' என்றால் படிக்க, படிக்கிறேன் 'சிதாயூ'. 'பிஸாத்' என்றால் எழுத. எழுதுகிறேன் 'பிஸாயூ' அல்ல, 'பிஷூ'. இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன, ஆனால் போகிற வழி வேறு. ('பிஷூ'வுக்குப் பதில் முதலெழுத்தை அழுத்தி 'பீஸயூ' என்று சொன்னால் ஒன்றுக்குப் போகிறேன் என்று அர்த்தமாகிவிடும். இந்தப் பாடத்தை என் மாணவிகள் மறப்பதே இல்லை.) இந்தக் குழப்பத்துக்கு ரோமன் யாகப்சன் 1948-இல் ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு வினைக்கும் ஒரே ஒரு முழு அடியை வைத்துக்கொண்டால், சில விதிகளால் மற்ற வடிவங்களை எல்லாம் வருவித்துவிடலாம். அமெரிக்காவில் ரஷ்ய மொழி கற்பிப்பதில் இந்த முறைக்கு நல்ல செல்வாக்கு இருந்தது. விதி கையில் இருந்தால் வினை வாயில் இருக்கும் என்ற நம்பிக்கை.

விதி உண்மையிலேயே தலைக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. இல்லாத சொல்லைக் கொடுத்துச் சொல்லச் சொல்வது. ஜீன் பெர்கோ என்ற பெண் 1958-இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குத் தானே வரைந்த விநோதப் பிராணிகளைக் காட்டி, ஒன்றுக்கு இந்தப் பெயர், இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். கேள்விப்படாத சொல்லுக்கும் குழந்தைகள் பன்மை சொன்னார்கள். ரஷ்யாவில் அதற்கும் முன்பே லெவ் ஷெர்பா என்ற பேராசிரியர் முழுக்கப் பொய்ச் சொற்களாலான ஒரு வாக்கியத்தை மாணவர்களிடம் கொடுத்துவந்தார். அதில் 'குஸ்த்ரா' என்று ஒன்று வருகிறது. அது என்ன பிராணி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது பெண் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு முறை சட்டென்று எதையோ செய்தது என்றும், அதன் பிறகு ஒரு குட்டியை இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்றும் தெரியும். எல்லாம் சொற்களின் வாலிலிருந்து தெரிவது.

இதே தந்திரத்தை ரஷ்ய வினைகளுக்கு விரிவாகப் பயன்படுத்தியவர்கள் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கீரா கோரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தத்யானா செர்னிகோவ்ஸ்கயாவும். இருவரும் பெண்கள். 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுகளில், உண்மையான வினைகளின் தொடக்கத்தை மாற்றிப் பொய் வினைகள் செய்து, ரஷ்யர்களிடமும் ரஷ்ய மொழி படிக்கும் அமெரிக்க மாணவர்களிடமும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஆங்கில இறந்தகாலத்தை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது: வினை வடிவங்கள் மூளையில் விதியாக இருக்கின்றனவா, நினைவாக இருக்கின்றனவா என்று. ஆங்கிலத்தில் ஒரு விதி, மற்றதெல்லாம் விதிவிலக்கு என்று பிரித்துவிடலாம். ரஷ்ய மொழி அவ்வளவு எளிதில் பிரிந்து கொடுக்காது. பெரிய வகை, சிறிய வகை, மிகச் சிறிய வகை என்று அடுக்கடுக்காகப் போகிறது.

அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். ரஷ்யர்கள் நினைவை மட்டும் நம்பவில்லை. மாணவர்கள் விதியை மட்டும் நம்பவில்லை. எந்த வகை வினைகள் அதிகம் என்ற கணக்கை இரு தரப்பும் தங்களை அறியாமலே வைத்திருந்தார்கள். ஐயம் வந்தால் கூட்டம் அதிகமான 'சிதாயூ' வகையின் பக்கம் சாய்ந்தார்கள். கணக்கு எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு. ரஷ்யருக்கு அது பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பேச்சு. மாணவர்களுக்கு அது அவர்களுடைய பாடப்புத்தகமும் வகுப்பும். எந்த வினை வகை அவர்களுக்குப் பாடத்தில் அதிகம் வந்ததோ, அதன் நிழல் அவர்கள் பதிலில் விழுந்தது.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். என் அலமாரியிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்தேன்.

அதற்கு முன் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யக் குழந்தைகளும் 'தேடுகிறேன்' என்பதற்கு 'இஷ்ஷூ' என்னாமல் 'இஸ்காயூ' என்கின்றன, 'அழுகிறேன்' என்பதற்கு 'ப்லாச்சு' என்னாமல் 'ப்லாகாயூ' என்கின்றன. பெரிய வகையின் பக்கம் அதே சாய்வு. ஆனால் பால் விஷயத்தில் நடப்பது இன்னும் சுவையானது. அலெக்சாந்தர் க்வோஸ்தெவ் என்ற மொழியியலாளர் 1920-களில் தன் மகனின் பேச்சை நாள்தோறும் குறித்துவைத்தார். இறந்தகால வினைகள் வரத் தொடங்கியபோது அந்தப் பையன் எல்லாவற்றுக்கும் பெண்பால் முடிவையே போட்டான். பிறகு ஆண்பாலைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததும் எல்லாவற்றுக்கும் ஆண்பால். அதன் பிறகு சில காலம் குழப்பம், பிறகு ஒழுங்கு. 'லா' என்று உயிரெழுத்தில் முடிவது குழந்தை வாய்க்கு எளிது என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ரஷ்ய வீடுகளில் பெண்களுக்கு வேறொரு விளக்கம் தெரியும். நாள் முழுக்க அம்மாவுடனும் பாட்டியுடனும் இருக்கும் சின்னப் பையன்கள் 'நான் போனேன்' என்பதை 'யா பஷ்லா' என்று பெண்பாலில் சொல்வதும், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவதும் அங்கே சாதாரணம். அந்தப் பையன் கேட்ட 'நான்'கள் எல்லாம் பெண்கள். கேட்டதைச் சொல்கிறான்.

இப்போது பாடப்புத்தகம். அதன் பெயர் வேண்டாம். அதில் 'நான்' என்று இறந்தகாலத்தில் பேசுபவர் யார்? ஒரு விக்தர் நேற்று நூலகத்துக்குப் போனான். ஓர் அந்தோன் கடிதம் எழுதினான், வேலை தேடினான், நண்பனைச் சந்தித்தான். அன்னா என்று ஒருத்தி வருகிறாள். அவள் நிகழ்காலத்தில் சூப் வைக்கிறாள். எங்கே இருந்தாய் என்று அவளை யாரும் கேட்பதில்லை, அதனால் அவளுக்குச் சொந்தமாக ஓர் இறந்தகாலம் தேவைப்படுவதில்லை. அவள் 'நான் ... லா' என்று முழுசாகச் சொல்லும் வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அட்டவணையில் ஆண்பால் முதல் வரிசை. விதி இப்படி எழுதப்பட்டிருக்கிறது: ஆண்பால் வடிவத்தை எடுத்துக்கொள், 'ஆ' சேர். விலா எலும்புக் கதை மாதிரி.

ஒரு ரஷ்யச் சிறுமிக்கு, ஏன் சிறுவனுக்கும், முதல் 'நான்' அம்மாவின் 'லா'. என் மாணவிக்கு முதல் 'நான்' விக்தர். ஆய்வாளர்கள் இதைச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது வினை வகைகளை. ஆனால் கேட்ட கணக்குதான் வாய்க்கு வருகிறது என்றால், யார் பேசிக் கேட்டோம் என்பதும் அந்தக் கணக்கில் சேரத்தானே வேண்டும்? நான் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது.

நம் பெண்கள் அங்கே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஆங்கிலத்தில் படித்து ஓட்டிவிடலாம். மருத்துவமனைக்குள் போனதும் நோயாளிகள் ரஷ்ய மொழியில்தான் பேசுவார்கள். நோயாளியின் கதை முழுக்க இறந்தகாலம். எப்போது வலி ஆரம்பித்தது, எங்கே விழுந்தாள், என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை வாந்தி எடுத்தாள். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, 'நான் பார்த்தேன், தொட்டேன், அளந்தேன்' என்று பேராசிரியரிடம் ஒப்பிக்க வேண்டும். என் மாணவி ஒருத்தி மகப்பேறு வார்டில் நின்று 'பரிசோதித்தேன்' என்பதற்கு 'யா அஸ்மத்ரேல்' என்றிருக்கிறாள். 'அஸ்மத்ரேலா' என்று வந்திருக்க வேண்டும். அந்தப் பேராசிரியர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தப் பையன் வந்து இந்த அம்மாவைப் பரிசோதித்தான்?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த நோயாளியும் சிரித்தாள். இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: "மேம், விதி எனக்குத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த நேரத்துல வாய்க்கு வரல."

விதி தெரிவதும் நேரத்துக்கு வருவதும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கேயும் படித்ததில்லை. அவசரத்தில் வாய்க்கு வருவது அதிகம் கேட்ட வடிவம். அவள் அதிகம் கேட்டது விக்தரை.

அந்த வார்டில் இன்னொன்றும் நடக்கிறது. நோயாளியிடம் 'குழந்தை பெற்றிருக்கிறீர்களா' என்று மரியாதையாகக் கேட்கும்போது வினை பன்மைக்குப் போய்விடும். பன்மையில் பால் கிடையாது. நோயாளிக்கு 'லி', தனக்கு 'லா'. மரியாதை ஏறினால் பால் மறைகிறது என்பது நமக்குப் புதிதல்ல. 'வந்தார்' என்றால் ஆணும் ஆகலாம் பெண்ணும் ஆகலாம். அந்த 'ஆர்' நம் வீடுகளில் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் வேறு கதை. அவர் வந்தார், அவள் சமைத்தாள். பழைய ரஷ்யாவில் வேலைக்காரர்கள் எசமானைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னாலும் பன்மையில் பேசினார்கள், 'எசமான் தூங்குகிறார்கள்' என்று. அந்த வழக்கம் அங்கே போய்விட்டது. நம்மிடம் போகவில்லை. ரஷ்ய மொழியைப் பார்த்து "நான் என்றால்கூடப் பெண் என்று சொல்லணுமா" எனச் சிரிக்கும் பெண்களிடம், அப்பாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் ஒவ்வொரு வாக்கியம் தமிழில் எழுதச் சொல்வேன். எழுதிப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

மருத்துவர் என்பதற்கு ரஷ்யச் சொல் 'வ்ராச்'. இலக்கணப்படி ஆண்பால். சோவியத் காலத்திலேயே மருத்துவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். மருத்துவர் வந்தார் என்று சொல்ல வேண்டும், வந்தவர் பெண். 'வ்ராச் ப்ரிஷோல்' என்பதா, 'வ்ராச் ப்ரிஷ்லா' என்பதா? இலக்கணப் புத்தகம் முதலாவதை நீண்டகாலம் காத்துக்கொண்டிருந்தது. மக்கள் வாய் இரண்டாவதற்குப் போய்விட்டது. பெயர்ச்சொல்லைப் பெண்பாலாக்குவதா கூடாதா என்று ரஷ்யப் பெண்ணியவாதிகளும் அவர்களைக் கண்டு எரிச்சல்படுபவர்களும் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். வினைச்சொல் அந்த மோதலில் பெயர் கொடுக்காமலே பல பத்தாண்டுகளுக்கு முன் தன் வேலையை முடித்துவிட்டது. பெயர் ஆணாக இருந்தாலும் வந்தவள் வந்தவள்தான்.

இத்தனை தானாக வரும் ஒன்றைத் தானாக வராமல் தடுக்க வேண்டி வந்தால்?

நத்யேஷ்தா தூரவா என்று ஒருத்தி இருந்தாள். 1783-இல் பிறந்தவள். கணவனையும் மகனையும் விட்டுவிட்டு, 1806-இல் ஆண் உடையில் குதிரைப்படையோடு சேர்ந்துகொண்டாள். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் சண்டையிட்டாள். ஓர் அதிகாரியின் உயிரைக் காப்பாற்றியதற்காகப் புனித ஜார்ஜ் சிலுவை பெற்றாள். அவள் பெண் என்று தெரிந்த பிறகும் முதலாம் அலெக்சாந்தர் மன்னர் அவளைப் படையில் தொடரவிட்டு, அலெக்சாந்தரவ் என்று ஓர் ஆண் பெயரும் கொடுத்தார். அவளுடைய நினைவுக் குறிப்புகள் 1836-இல் புஷ்கினின் பத்திரிகையில் வந்தன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் தலைமுடி வெட்டியதையும் சீருடையையும் வாளையும் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது வினைச்சொல். ஆண்டுக்கணக்கில், கூடாரத்தில், குதிரை மேல், காயம் பட்டுக் கிடக்கையில், சாப்பிட்டேன், தூங்கினேன், விழுந்தேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் வாலை வெட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண் ஆண் வேடம் போட்டால் 'விழுந்துட்டேன்' என்பது அவளைக் காட்டிக்கொடுக்காது. ரஷ்ய மொழியில் ஒரே ஒரு 'உபாலா' போதும். வலியில் கத்தும்போது தாய்மொழி எவ்வளவு வேகமாக வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் அதைவிட வேகமாக இருந்திருக்கிறாள். நூலில் தன் கதையைத் தானே சொல்லும்போது பெண்பாலில் எழுதுகிறாள். மற்றவர்களோடு பேசும் இடங்களில் ஆண்பால். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். தமிழில் மொழிபெயர்த்தால் இரண்டும் 'ஏன்' விகுதியில் கரைந்துவிடும். அவள் உயிரைப் பணயம் வைத்துக் காத்த வேறுபாடு நம் மொழிக்குள் வர வழியே இல்லை. சினயீதா கீப்பியஸ் என்ற கவிஞரும் தம் கவிதைகள் பலவற்றில் 'நான்' என்பதற்கு ஆண்பால் வினையைத்தான் வைத்தார், வேடம் எதுவும் இல்லாமல், வேண்டுமென்றே. அதையும் தமிழில் காட்ட முடியாது.

தாய்மொழிக்காரர் தடுக்கி விழும் இடம் ஒன்றும் இருக்கிறது. கற்பவர் விரைந்து கடந்துவிடும் இடம் அது. பீட்டர்ஸ்பர்க் வகுப்பில் ஒரு வியட்நாமியப் பெண், 'நான் ஜெயிப்பேன்' என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். 'பபிதீத்' என்றால் ஜெயிக்க. வகுப்பில் பாதிப் பேர் அதற்குள் நோட்டில் ஏதோ ஒன்றை எழுதியே விட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய எங்கள் ஆசிரியை வாயைத் திறந்தார், மூடினார். 'பபிதியூ'? 'பபிஜூ'? 'பபிஜ்தூ'? மூன்றையும் நாக்கில் போட்டுப் பார்த்துத் துப்பினார். "அப்படிச் சொல்வதில்லை" என்றார். நீ ஜெயிப்பாய் உண்டு, அவள் ஜெயிப்பாள் உண்டு, நாம் ஜெயிப்போம் உண்டு. நான் மட்டும் இல்லை. 'என்னால் ஜெயிக்க முடியும்', 'வெற்றி பெறுவேன்' என்று சுற்றித்தான் போக வேண்டும். எந்த மெய் எதுவாக மாற வேண்டும் என்பதில் வழிகள் ஒன்றோடொன்று மோதி, மக்கள் அந்த வடிவத்தைத் தவிர்த்துத் தவிர்த்து, அதைக் கேட்காமலே வளர்ந்த அடுத்த தலைமுறை அது இல்லை என்றே முடிவு செய்துவிட்டது. இப்படி ஓட்டை விழுந்த வினைகள் ரஷ்ய மொழியில் இன்னும் பல உண்டு. 'இணங்க வைப்பேன்' என்பதும் அவற்றில் ஒன்று. ஆணுக்கும் அந்த வடிவம் இல்லை, ஆகவே இதைப் பெண்ணியக் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் ஜெயித்த பிறகு சொல்லத் தடையில்லை: 'யா பபிதீலா'. வியட்நாமியப் பெண் அதைத்தான் கடைசியில் எழுதிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு வருகிறேன், அதை விட்டால் என் மாணவிகள் விடமாட்டார்கள். ஆண் செய்துகொள்ளும் திருமணத்துக்கு 'ஜெனீத்ஸா' என்று ஒரு வினை, மனைவி என்ற சொல்லிலிருந்து வந்தது. பெண்ணுக்கு 'வீய்தி ஸாமுஷ்'. பிரித்தால், கணவனுக்குப் பின்னே வெளியேறுவது. இருவரும் சேர்ந்து என்றால் மூன்றாவது ஒன்று. கற்பவர்கள் ஒரே வினையை இருவருக்கும் போட்டுவிடுவார்கள், ரஷ்யர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாமும்தான் சிரிப்போம், 'அவன் அவளுக்கு வாழ்க்கைப்பட்டான்' என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னால்.

பாடப்புத்தகத்தை நான் மாற்ற முடியாது. உரையாடல்களை மாற்றலாம். போன வருடம் உட்கார்ந்து முப்பது பக்கத்துக்கு எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இறந்தகாலம் முழுக்கப் பெண்கள் வாயில். வேலைக்குப் போனவள், பஸ்ஸைத் தவறவிட்டவள், மேலதிகாரியோடு சண்டை போட்டவள், நோயாளியைப் பரிசோதித்தவள், தையல் போட்டவள், பரீட்சையில் தோற்று மறுபடி எழுதியவள். அன்னாவுக்கும் ஒரு பக்கம் கொடுத்தேன். அவள் மலை ஏறிவிட்டு வந்து சூப் குடித்தாள், வைத்தது வேறு யாரோ. அட்டவணையில் முதல் வரிசையில் 'லா' வைத்தேன்.

அந்த வகுப்பில் பையன்களும் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டாவது வாரத்தில் ஒருவன் எழுந்து, "மேம், எல்லாம் லா லான்னே இருக்கு. நாங்க எதைப் பார்த்துப் படிக்கிறது?" என்றான்.

பின் வரிசையிலிருந்து திருவண்ணாமலைக்காரி பதில் சொன்னாள்: "இதையே எடுத்துக்கோ, கடைசி 'ஆ'வை மட்டும் விட்டுடு."

எல்லா வினைக்கும் அது சரிவராது. 'ப்ரிஷ்லா'வில் 'ஆ'வை விட்டால் 'ப்ரிஷ்ல்' என்று அந்தரத்தில் நிற்கும். நடுவில் ஓர் 'ஓ' நுழைந்தால்தான் 'ப்ரிஷோல்' ஆகும். அதை அன்றைக்கே பலகையில் எழுதிக்காட்டினேன். நான்கு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.